அவயத்துக்கு வைத்த முட்டை ஏன் பொரிக்கவில்லை?

தமிழக-கேரள எல்லையோர வேலந்தாவளத்திலிருந்து ஒரு அம்மிணி கேட்டிருக்கிறார். சித்திரையில் நாட்டுக்கோழி ஒன்றை அவயத்துக்கு, அதாவது அடைக்கு, வைத்தாராம். வீட்டில் பத்து நாளாகச் சேர்த்த முட்டை 8, கிணத்துக்கடவு அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த முட்டை 7, ஆக 15. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பில் கூடை. பொரித்தது 3 குஞ்சு. மீதி 12 முட்டையை உடைத்துப் பார்த்ததில் 5 வெறும் மஞ்சளும் தண்ணியுமாக இருந்தன, 3 கறுத்து நாறின, 4 முட்டையில் குஞ்சு முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. இப்போது ஆவணியில் அதே கோழி மறுபடி உட்கார்ந்துவிட்டது. கோழி ராசியில்லை, இன்குபேட்டர் வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். இடி இடித்துத்தான் முட்டை கெட்டது, ஆணி வைத்திருக்க வேண்டும் என்கிறார் மாமியார். என்ன செய்வது என்பது கேள்வி.

கோழியை மாற்றாதீர்கள். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் 21 நாள் உட்கார்ந்து, கிடைத்த மூன்று குஞ்சையும் பருந்துக்குக் கொடுக்காமல் வளர்த்த கோழி அது. அதைவிட நல்ல தாய் உங்களுக்குக் கிடைக்காது. முட்டை கெட்டது பெரும்பாலும் கோழி உட்காருவதற்கு முன்னாலும், கடைசி மூன்று நாளிலும்தான். இரண்டும் நம் கையில் இருக்கிற காரியங்கள்.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்த்தீர்களே, அது நல்ல வேலை. நிறையப் பேர் அப்படியே குப்பையில் வீசிவிடுவார்கள். உங்கள் 12 முட்டையும் மூன்று விதமாகக் கெட்டிருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு.

முதலில் அந்த 5 முட்டை. சேவல் சேராத முட்டையாக இருந்தால் இப்படித்தான் இருக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் போதும். ஒருதடவை சேவல் மிதித்தால் அதன் பலன் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை பெட்டையிடம் இருக்கும். ஊரில் சேவல் திரிகிற வரைக்கும் நாட்டுக்கோழி முட்டையில் இந்தக் குறை அவ்வளவாக வராது. கடையில் வாங்கும் பண்ணை முட்டை வேறு கதை. அங்கே சேவலே கிடையாது. அதை எத்தனை நாள் அடைவைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் ஐந்தில் சேவல் சேர்ந்த முட்டையும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கரு இரண்டு மூன்று நாளிலேயே செத்துவிட்டால், 21 நாள் கழித்து உடைக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் முட்டை மாதிரியே இருக்கும்.

அப்படிச் சாக என்ன காரணம்? சூடுதான். முட்டைக்குள் இருக்கிற கரு சுமார் 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் வளராமல் தூங்கும். அதற்கு மேலே போனால் மெதுவாக வளர ஆரம்பித்துவிடும். கோழியின் வயிற்றுச் சூடு கிடைத்தால் ஒழுங்காக வளரும். சமையலறை அலமாரியில் 32, 33 டிகிரியில் கிடந்தால் அரைகுறையாக வளர்ந்து பலவீனமாகிச் செத்துப்போகும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் சித்திரையில் பகல் சூடு 40-ஐத் தொடுகிறது, விடியற்காலையில்கூட வீட்டுக்குள் 25-க்குக் கீழே இறங்குவதில்லை. அந்த வெக்கையில் பத்து நாள் சேர்த்த முட்டையில், முதல் நாள் முட்டை கோழிக்கடியில் போகுமுன்பே பாதி உயிர் போயிருக்கும்.

அதனால் முட்டை சேர்ப்பதில்தான் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் ஒரு வாரம் வரை சேர்க்கலாம். வெயில் காலத்தில் நாலைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வைக்கிற இடம் வீட்டிலேயே குளுமையான மூலையாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் பானை வைக்கிற மணல்மேடைக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் தவிடோ அரிசியோ போட்டு, அகலமான முனை மேலே இருக்கும்படி செருகி வையுங்கள். அந்த முனையில்தான் காற்றறை இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வேண்டாம், அந்தக் குளிர் கருவுக்கு ரொம்ப அதிகம். முட்டையைக் கழுவவும் வேண்டாம். ஓட்டின் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது; கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான், கழுவினால் போய்விடும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். ரொம்ப அழுக்கானதை ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விடைக்கோழியின் (புதிதாக முட்டையிட ஆரம்பித்த இளங்கோழியின்) முதல் முட்டைகள், கோணல் முட்டை, நெளிந்த ஓடு, மயிரிழை விரிசல் இருக்கிறது எல்லாமே சமையலுக்குத்தான். கூர்முனை முட்டையில் சேவல் வரும், உருண்டையில் பெட்டை வரும் என்று பிரித்து வைப்பவர்கள் உண்டு. அதில் உண்மையில்லை.

பஸ்ஸில் வந்த முட்டைக்கு இன்னொரு சங்கதி. குலுங்கி வந்த முட்டையை அன்றைக்கே கோழிக்கடியில் வைக்கக்கூடாது. அகலமுனை மேலே இருக்க ஒரு நாள் அசையாமல் வைத்து, அப்புறம்தான் அடைக்கு. உள்ளே காற்றறை ஆடிப்போயிருந்தால் அடங்க நேரம் வேண்டும். அதோடு, ஆலப்புழை பக்கம் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வருகிற நாட்களில் வாளையாறு, வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் கோழி, முட்டை எல்லாம் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் கொண்டுபோகாமல் இருப்பதே நம் கோழிகளுக்கு நல்லது.

அடுத்து, கறுத்து நாறிய 3 முட்டை. கரு கொஞ்ச நாள் வளர்ந்து, நடுவில் செத்து, உள்ளே கிருமி புகுந்து அழுகினது. இதற்கு நான் சந்தேகப்படுவது 15 என்கிற எண்ணிக்கையை. நாட்டுக்கோழி ஒன்றால் ஒழுங்காக மூட முடிவது 10, மிஞ்சினால் 12 முட்டை. கூடுதலாக வைத்தால் ஓரத்து ஒன்றிரண்டு மட்டும்தான் குளிரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கோழி முட்டையை அலகால் உருட்டிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும், நடுவில் இருப்பது ஓரத்துக்குப் போகும். அப்படி உருட்டுவதால்தான் கரு ஓட்டோடு ஒட்டாமல் வளர்கிறது. ஆனால் முட்டை அதிகமானால் அந்த உருட்டலிலேயே ஒவ்வொரு முட்டையும் முறைவைத்துக் குளிர்ந்துபோகும். 15 வைத்து 3 பொரிப்பதைவிட 10 வைத்து 8 பொரிப்பது லாபம். கோழி சின்னதாக இருந்தால் 9 போதும்.

இப்போது அந்த 4 முட்டை. எனக்கு மனசு கஷ்டப்பட்டது இதைப் படித்தபோதுதான். 20 நாள் வளர்ந்த குஞ்சு வெளியே வர முடியாமல் செத்திருக்கிறது. ஓட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். 19, 20-ஆம் நாளில் குஞ்சு முதலில் காற்றறையின் சவ்வைக் கிழித்து அங்கிருக்கும் காற்றை மூச்சு விடுகிறது. அப்போதுதான் அதன் நுரையீரல் வேலை செய்யவே ஆரம்பிக்கிறது. காதை வைத்துக் கேட்டால் ஓடு உடையுமுன்பே உள்ளிருந்து கீச்சுச் சத்தம் வரும். தாய்க்கோழியும் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். பிறகு ஓட்டில் ஒரு சின்னப் பொத்தல் விழும். பொத்தல் விழுந்த பிறகு குஞ்சு பல மணி நேரம் சும்மா கிடக்கும். நமக்குத்தான் பதற்றம். அதற்கு அங்கே வேலை இருக்கிறது: சவ்விலிருக்கிற ரத்தக் குழாய்கள் வற்ற வேண்டும், மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்பட வேண்டும். எல்லாம் ஆன பிறகு சுற்றிச் சுற்றிக் கொத்தி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பொத்தலுக்கும் பிறப்புக்கும் நடுவே 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம்.

இந்த நேரத்தில் அந்தச் சவ்வு ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டு இறுகிப்போகும், திரும்பிக் கொத்த முடியாது. சித்திரை வெக்கையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே, காற்றும் வறண்டு கிடக்க, சவ்வு காயாமல் என்ன செய்யும்? அதற்கு மேலே, 19-ஆம் நாளிலிருந்து தினமும் சாயங்காலம் கோழியைத் தூக்கிப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோழி உட்கார்ந்திருக்கும்போது அதன் வயிற்றுக்கடியில் சூடும் ஈரமும் தேங்கி நிற்கும். தூக்கும் ஒவ்வொரு தடவையும் அது கலைந்துபோகிறது. 18-ஆம் நாள் முதல் கோழியைத் தொடாதீர்கள். தீனியும் தண்ணியும் எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு விலகியிருங்கள். ஓட்டை உரித்து உதவி செய்யவும் போகாதீர்கள். ரத்தக் குழாய் வற்றுவதற்கு முன் உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும்.

சரி, இப்போது ஆவணி. சித்திரைக்கு நேர்மாறான பருவம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வெயிலில் செய்ய வேண்டியதை இப்போது செய்தால் கெடும். வெயில் காலமாக இருந்தால் கூடைக்கு அடியில் ஈர மணல் பரப்பச் சொல்வேன், கடைசி மூன்று நாள் கூடையைச் சுற்றித் தண்ணி தெளிக்கச் சொல்வேன். மழையில் அதெல்லாம் வேண்டாம். கூடையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். அடியில் காய்ந்த உமியோ மணலோ நாலு விரல் கனத்துக்கு, அதன் மேலே வைக்கோல். நடுவில் லேசாகக் குழித்து விடுங்கள். ரொம்பக் குழித்தால் முட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும். சாரல் அடிக்காத, வெளிச்சம் குறைந்த, நாய் போகாத மூலையாகப் பாருங்கள். மார்கழி, தை மாதத்தில் கிழக்கேயிருந்து அடிக்கிற வறண்ட காற்று இருக்கிறதே, அப்போதைக்கு மறுபடி ஈர மணல் முறைக்கு வந்துவிடலாம். முட்டை சேர்க்கிற நாள் கணக்கைப் போல, இதையும் பருவத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

கோழி நிஜமாகவே அடைக்கு உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, அடித்தொண்டையில் கேறிக்கொண்டு, கிட்டே போனால் கொத்த வந்து, இரண்டு ராத்திரி தொடர்ந்து கூடையிலேயே இருந்தால் நம்பலாம். நெஞ்சுக்குக் கீழே கையை விட்டால் இறகு உதிர்ந்து வெறும் தோல் சூடாகப் படும். அதுவரை உதவாத முட்டை ஒன்றிரண்டை வைத்து உட்கார விடுங்கள். இடம் மாற்ற வேண்டுமென்றால் இருட்டிய பிறகு மாற்றுங்கள். நல்ல முட்டையையும் ராத்திரியில் வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வேறு கோழி வந்து அதே கூடையில் இட்டுவிட்டுப் போவது வழக்கம். கோடு இல்லாத முட்டையைத் தினமும் எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் சில குஞ்சு இன்று பொரிக்கும், சிலது ஐந்து நாள் கழித்து. தாய் முதலில் வந்ததைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும், மிச்சம் குளிர்ந்து சாகும். வாத்து முட்டையோ வான்கோழி முட்டையோ கூடச் சேர்த்து வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். அவை 28 நாள் கணக்கு.

பேன்தான் அடைக்கோழியின் பெரிய எதிரி. பகலில் கண்ணில் படாமல் ராத்திரி ரத்தம் குடிக்கிற சிவப்பு உண்ணி இன்னும் மோசம். நடு அடையில் கோழி கூடையை விட்டு ஓடினால் முதலில் கூடையைத்தான் சோதிக்க வேண்டும். பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூடையை வெயிலில் காயப்போட்டு, புது வைக்கோலோடு வேப்பிலை பரப்புங்கள். முட்டை வைப்பதற்கு முன்னால் கோழியின் இறக்கைக்கடியிலும் பின்பக்கத்திலும் வசம்புத் தூளைத் தேய்த்துவிடுங்கள். அடுப்புச் சாம்பல் கலந்த மண்ணைப் பக்கத்தில் குவித்து வைத்தால், இறங்குகிற நேரத்தில் அதுவே புரண்டுகொள்ளும்.

ஒரு நாளைக்கு ஒருதடவை, கால் மணி அல்லது இருபது நிமிஷம், கோழி இறங்கும். இறங்கியதும் அடக்கி வைத்திருந்த எச்சத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, அவசர அவசரமாகத் தின்று, தண்ணி குடித்து, மண்ணில் புரண்டு, திரும்பி ஏறிக்கொள்ளும். அந்த நேரத்தில் முட்டை ஆறுவதால் கெடுதல் இல்லை. இறங்கவே இறங்காத கோழியும் உண்டு. அதை மட்டும் 17-ஆம் நாள் வரை தினம் ஒருதடவை மெதுவாக எடுத்துத் தீனிக்கு முன்னால் விட வேண்டும். தூக்குமுன் இறக்கைக்கடியில் முட்டை இடுக்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். கம்பு, சோளம், அரிசி என்று முழுத் தானியமாகப் போட்டால் எச்சம் இறுகிப் போகும், கூடை அசுத்தமாகாது.

எட்டாம் நாள் ராத்திரி முட்டையைப் பார்த்துவிடுங்கள். இருட்டறையில் செல்போன் டார்ச்சை எரியவிட்டு, முட்டையின் அகலமுனையை அதன் மேல் அழுத்தி வையுங்கள். முட்டை முழுக்கச் செக்கச்செவேலென்று ஒளிரும். உயிருள்ள முட்டையில் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்திக் கால் மாதிரி ரத்த நாளங்கள். பொறுமையாகப் பார்த்தால் புள்ளி அசையும். ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. நாளங்கள் இல்லாமல் ரத்தக் கோடு வளையமாக மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஓடு பழுப்பாக இருந்து சந்தேகம் வந்தால் திருப்பி வைத்துவிட்டு 14-ஆம் நாள் பாருங்கள். அப்போது காற்றறை தவிர மற்றதெல்லாம் இருண்டிருக்கும். நாறுகிற முட்டையை மட்டும் எந்த நாளிலும் விட்டுவைக்காதீர்கள். கூடைக்குள் வெடித்தால் நல்ல முட்டைகளும் கெடும். கடைசி நாட்களில் வெதுவெதுப்பான தண்ணியில் முட்டையை மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. உயிருள்ள முட்டை ஆடுவது உண்மைதான். ஆனால் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் குஞ்சு தண்ணி குடித்துச் செத்துவிடும் என்பதால் நான் அதை யாருக்கும் சொல்வதில்லை.

மாமியார் சொன்ன ஆணிக்கு வருகிறேன். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுவது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இடிச் சத்தத்தில் கரு செத்துவிடும் என்று நான் நம்பவில்லை. இடியோடு வருகிற மற்ற விஷயங்கள் கெடுக்கும்: கோழி மிரண்டு எழுந்து முட்டையை மிதித்து உடைக்கும், சாரல் அடித்துக் கூடை நனையும், ராத்திரி முழுக்கக் குளிரும். ஆணி போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, பெரியவர் மனசும் நிறையும், போட்டுவிடுங்கள். கூடவே சாரல் படாமல் ஒரு சாக்கையும் தொங்கவிடுங்கள். ஐப்பசி இடிமழைக்கு முன்பே உங்கள் குஞ்சு பொரித்துவிடும்.

பொரிக்கிற நேரத்தில் பாம்பையும் கீரியையும்விட நான் பயப்படுவது எறும்புக்குத்தான். ஓட்டில் பொத்தல் விழுந்ததும் அந்த வாடைக்குச் சிற்றெறும்பு வரிசையாக வரும். ஒரு ராத்திரியில் குஞ்சைக் கொன்றுவிடும். மழைக்காலத்தில் எறும்பு தரையை விட்டு மேட்டுக்கு ஏறுவதால் இது இப்போது இன்னும் முக்கியம். கல்லுக்குப் பதிலாகக் கூடையை ஒரு பழைய ஸ்டூல் மேல் வைத்து, நாலு காலையும் தண்ணி ஊற்றிய தேங்காய்த் தொட்டியில் நிறுத்தினால் தீர்ந்தது. பாம்புக்கும் எலிக்கும் ராத்திரி மேலே கொடாப்பை (கோழியை மூடுகிற பெரிய கூடையை) கவிழ்த்து, கல்லை வைத்துவிடுங்கள்.

21-ஆம் நாள் எல்லாம் வெளியே வரவில்லையென்றால் உடனே கலைக்க வேண்டாம், 23-ஆம் நாள் வரை விடுங்கள். வந்த குஞ்சுக்குத் தீனி இல்லையே என்று தவிக்கவும் வேண்டாம். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். இறகு காயும் வரை தாய்க்கடியிலேயே கிடக்கட்டும். அப்புறம் அரிசிக் குருணை, உடைத்த கம்பு, கிடைத்தால் குஞ்சுத் தீவனம். தண்ணியைத் தட்டையான தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் விழுந்து மூழ்கும். முதல் ஒரு வாரம் போல குஞ்சுகளை ஈரத்தில் விடாதீர்கள்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த நோய் வந்தால் முழுக் கூட்டமும் போய்விடும். மருந்துக் குப்பி பொதுவாக நூறு குஞ்சுக் கணக்கில் வருகிறது, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், பனிக்கட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். எனவே தெருவில் யார் யார் வீட்டில் குஞ்சு இருக்கிறது என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டு, மாட்டாஸ்பத்திரியில் ஒரு நாள் சொல்லி வாங்குங்கள். எட்டு வாரத்தில் அடுத்த ஊசி.

இன்குபேட்டர், ஒரு தடவைக்கு ஐம்பது நூறு முட்டை வைக்கிறவர்களுக்குச் சரி. 37.5 டிகிரியை இரவும் பகலும் பிடித்து நிறுத்த வேண்டும், கரண்ட் போனால் மாற்று வேண்டும், பொரித்த பிறகு குஞ்சுக்குச் சூடு காட்டப் பல்ப் வேண்டும். உங்கள் பத்து முட்டைக்கு இதெல்லாம் கோழியே செய்துவிடும். அந்தக் காசில் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பின் மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள், அடுத்த சித்திரைக்கு உதவும். ஒன்று மட்டும்: இந்த அடை முடிந்து குஞ்சைப் பிரித்த பிறகு கோழி இளைத்திருக்கும். ஒரு தடவை முட்டையிட்டு முடித்து உடனே மறுபடி உட்கார்ந்தால், அந்த முட்டைகளை வேறு கோழிக்குக் கொடுத்துவிட்டு இதற்குத் தீனி போட்டுத் தேற்றுங்கள்.